மில்ஃபோர்ட் சாலையில் உதவிய பெரியவருக்கு

ஐயா, நியூசிலாந்தில், மலைகளுக்கிடையே கடல் உள்நுழைந்த மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற இடத்துக்குப் போகும் வழியில், ஹோமர் சுரங்கத்துக்கு முன்பு கொட்டும் மழையில் எங்கள் டயர் பஞ்சரானது. செல்போன் சிக்னலும் இல்லை. நீங்கள் வண்டியை நிறுத்தி, தொப்பலாக நனைந்தபடி டயரை மாற்றிக் கொடுத்தீர்கள். மனமார்ந்த நன்றி.

அதைவிடப் பெரிய உதவி, மழையால் சோர்ந்திருந்த எங்களிடம் நீங்கள் சொன்னதுதான். ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடம் இது, மழை வந்தால்தான் செங்குத்துப் பாறைகளில் எண்ணற்ற அருவிகள் பிறக்கும் என்றீர்கள். அப்படியே கண்டோம்! மண்ணே இல்லாத பாறையில் பாசியைப் பற்றிக்கொண்டு, வேரோடு வேர் பின்னி நிற்கும் மரங்களையும் நீங்கள்தான் காட்டினீர்கள். ஒன்று சரிந்தால் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு போகுமாம். அப்புறம், கியா கிளிகளுக்குத் தீனி போடக் கூடாது என்று பொறுமையாக விளக்கினீர்களே, என் மகள் அதை இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.