முட்டை லாரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று முன்தினம் இரவு 10.20-க்கு என் வண்டி ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பதினோரு நாள் நான் பட்ட பாடு கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் கடை வைத்திருப்பவர்களுக்கும் நம் லாரிக்காரர்களுக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. என்ஜின் இறக்கி லைனர், பிஸ்டன் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றிய வண்டி, செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. மாங்காய் சீசனில் லாரி நின்றால் ஒரு வீடு என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இரண்டு பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வண்டியை நிறுத்தி வைத்த காவேரிப்பட்டணம் நண்பருக்கு நன்றி. கட்டி இழுக்க ட்ராக்டரோடு வந்து டீசல் காசுகூட வாங்காத சந்தூர் அண்ணனுக்கு, தவணைக்குப் பத்து நாள் பொறுத்துக்கொண்டவருக்கு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசிலையும் அன்றைக்கே டெஸ்ட் செய்து கொடுத்த பம்ப் கடைக்காரருக்கு, கணக்கு எழுதாமல் டீ கொடுத்த அக்காவுக்கு, இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைத் திறந்து 15 லிட்டர் ஆயில் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கு. உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வந்து பார்க்கிறேன்.

இனி முட்டை லாரி அண்ணன்.

நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு முட்டை ஏற்றிக்கொண்டு போனவர். டீ குடிக்க நிறுத்தினார். அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அந்த நிலைமையில் இருந்தேன். நாங்கள் செல்ஃப் அடிப்பதை டம்ளரோடு நின்று பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "புகை என்ன கலர்ல வருது?" வெள்ளை என்றேன். சைலன்சர் பக்கம் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். "எரியாத டீசல் வாசம். அப்போ டீசல் வரலங்கிற பேச்சே இல்லை. உள்ளே போகுது, எரியாமல் வெளியே வருது. நேரம் தப்பிப் போகுது."

அதுவரை நாங்கள் டீசல் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பதினோரு நாளும் டீசல் பைப்பில் அடைத்த ஏரை எடுத்தோம், ஃபில்டர் மாற்றினோம், டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவர் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்தோம், ஆறு பைப்பும் சிலிண்டர்கள் எரியும் 1-5-3-6-2-4 வரிசையில் இருக்கிறதா என்று மூன்று முறை எண்ணினோம். புகை வருகிறதா என்று பார்த்தோமே தவிர, அந்தப் புகை என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஸ்பேனரை அவர் கையில் எடுக்கவே இல்லை. மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டார். அந்தத் தம்பிக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். பதினோரு நாளாகச் சரியாகத் தூங்காதவன். அன்று மதியம் நான் அவனைச் சொல்லக்கூடாத வார்த்தை சொல்லியிருந்தேன். அவன் தலையைத் தூக்காமல் நின்றான்.

"தம்பி, டப்பெட் கவரைக் கழற்று. ஃப்ளைவீல்ல ஒண்ணாம் நம்பர் டாப் குறிக்குக் கொண்டு வா," என்றார். டப்பெட் கவர் என்பது வால்வுகளை அழுத்தும் ராக்கர்களுக்கு மேல் உள்ள மூடி; டாப் குறி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் கோடு. கம்பி போட்டு என்ஜினைத் திருப்பிக் குறிக்குக் கொண்டு வந்தான். டீசலை அடிக்கும் பம்ப் பக்கமும் குறி சரியாக நின்றது. "பாருங்கண்ணே, குறி சரியாத்தான் இருக்கு," என்றான் தம்பி, அழுகிற குரலில். "குறி சரிதான். இப்போ ஒண்ணாம் நம்பர் ராக்கர் ரெண்டு மேலேயும் விரல் வை. வச்சுக்கிட்டே சொல்லு. கம்பியை இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆட்டறேன்."

தம்பி விரலை வைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குதுண்ணே." "சரி, ஆறாம் நம்பர்?" "ரெண்டும் லூஸா இருக்கு..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான். முகமே மாறிவிட்டது. "அண்ணே, இது கம்ப்ரஷன் டாப் இல்லை. கம்ப்ரஷன் ஆறுலே இருக்கு. நான் பம்பை என்ஜின்ல ஒரு சுத்து தப்பிக் கட்டிட்டேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றாம் பிஸ்டனும் ஆறாம் பிஸ்டனும் சேர்ந்தே மேலே வரும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒருமுறை எரியும், பம்ப் ஒரு சுற்று சுற்றும். ஆகவே ஃப்ளைவீல் குறி இரண்டு தடவை சரியாக வந்து நிற்கும். ஒன்றில் வால்வு இரண்டும் மூடிக் காற்று இறுகி நிற்கும், அதுதான் கம்ப்ரஷன் டாப்; இன்னொன்றில் பழைய புகை வெளியேறிப் புதுக் காற்று உள்ளே வரும் நேரம். எங்கள் பம்ப் அந்த இரண்டாவது நேரத்தில் டீசல் அடித்துக்கொண்டிருந்தது. பம்பை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கில் இரண்டே போல்ட், எப்படி மாட்டினாலும் உட்காரும்.

தப்பு என்னவென்று அண்ணனுக்குப் புகையை மோந்தபோதே தெரிந்திருக்கும். எனக்கு இப்போது அது நிச்சயமாகத் தெரிகிறது. அவரே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், தம்பி எங்கள் எல்லோர் முன்னாலும் தலை குனிந்திருப்பான். அவன் விரலாலேயே அவன் தப்பைத் தொட்டுப் பார்க்க வைத்தார். கண்டுபிடித்தவன் அவன் என்றுதான் அங்கே நின்ற எல்லோரும் பார்த்தோம்.

போல்ட் இரண்டையும் தளர்த்தி, என்ஜினை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, மறுபடி குறி பார்த்துக் கட்டினான். நான் செல்ஃப் அடிக்கப் பாய்ந்தேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆயில் கம்பியை உருவி மூக்கில் வைத்துக் காட்டினார். டீசல் நாற்றம். பதினோரு நாள் எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. "இந்த ஆயிலோட ஓட்டினா புது பேரிங் போயிடும். இவ்வளவு பொறுத்தீங்க, இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்க." முட்டை வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, போன் மேல் போன் வரும்போது "வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு, எனக்குப் பொறுமை சொன்னார். ஆயில் மாற்றும் வரை இருந்தார்.

நாலு சிலிண்டரில் பிடித்துத் தடுமாறி, அப்புறம் ஆறிலும் பிடித்தது. ஆயில் பிரஷர் முள் ஏறியதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். காசை நீட்டினேன். "டீக்காசு மட்டும் நீங்க கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

தம்பியிடம் அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் முன்னால் திட்டியதால் இங்கே நாலு பேர் முன்னாலும் கேட்கிறேன். இனி என் வண்டியில் கை வைக்கிற யாரையும், க்ளீனர் பையனானாலும், அப்படிப் பேச மாட்டேன். இது என் பிள்ளைகள் மேல் ஆணை.

அண்ணே, இதை யாராவது உங்களிடம் காட்டினால், அடுத்த ட்ரிப்பில் அதே டீக்கடையில் நிறுத்துங்கள். நான் சந்தூருக்கும் மாங்கூழ் ஆலைக்கும்தான் ஓடிக்கொண்டிருப்பேன், அக்கா போன் பண்ணிச் சொல்லிவிடுவார். தம்பியும் உங்களுக்காகக் காத்திருக்கிறான். கப்ளிங்கில் கம்ப்ரஷன் டாப்புக்குச் சிவப்பு பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிறான், அதை உங்களிடம் காட்ட வேண்டுமாம்.