தங்கள் மொராக்கோ பயணத் திட்டத்தைப் படித்த பின்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகள் அனுப்பியிருந்த மொராக்கோ சுற்றுலாவின் நாள்வாரித் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். போய் வந்தவன் என்ற முறையில் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பத்தாம் வகுப்பில் எனக்கு வரலாறு கற்பித்தவரிடம் வரலாற்றைப் பற்றியே ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல நேரும்போது எழுத்தில் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது.

திட்டத்தில் மொத்தம் 9 நாட்கள். காசாபிளாங்கா, ரபாத், மெக்னெஸ், ஃபெஸ், மராக்கேஷ் என்று நகரங்கள் வரிசையாக வருகின்றன. எட்டாம் நாள் பிற்பகலில் மட்டும் 'பெர்பர் கிராம அனுபவம், தேநீருடன், 2 மணி நேரம்' என்று, அந்நாட்டின் தொல்குடிகளான பெர்பர்களுக்காக ஒரு வரி. நான் போன குழுவுக்கும் ஏறக்குறைய இதே திட்டம்தான். சாலையோரத்தில் இருந்த ஒரு மண் வீட்டுக்கு எங்களை அழைத்துப்போனார்கள். அதன் வாசலில் ஏற்கெனவே நான்கு வேன்கள் நின்றிருந்தன. எங்கள் வழிகாட்டி நகரத்து மனிதர். அரபு, ஃபிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் சரளமாகப் பேசக்கூடியவர். ஆனால் அந்த வீட்டு மூதாட்டி பேசிய தஷெல்ஹித் என்னும் பெர்பர் மொழி அவருக்குத் தெரியாது. இந்த மலையில் மழை குறைந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னேன். மூதாட்டி கையை மலைப்பக்கம் காட்டி ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஏதோ விளக்கினார். வழிகாட்டி, 'எல்லாரையும் வரவேற்கிறார்' என்று முடித்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்னதான் சொன்னார் என்ற கேள்விதான், குழு விமானம் ஏறிய பிறகும் என்னை நான்கு நாட்கள் அங்கே நிறுத்திவைத்தது.

நகரங்களில் வரலாறு இருக்கிறது, கிராமங்களில் வெறும் பழக்கவழக்கம் இருக்கிறது என்ற எண்ணத்தில் இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. மராக்கேஷை 1070 வாக்கில் நிறுவிய அல்மொராவிதுகள் சஹாராவிலிருந்து வந்த சன்ஹாஜா என்னும் பெர்பர் குலத்தார். 1147இல் அவர்களை வீழ்த்தி அந்நகரைப் பிடித்த அல்மொஹதுகள் உயர் அட்லஸ் மலையின் மஸ்மூதா குலத்தார். அவர்களுடைய இயக்கம் வேர்விட்டது தின்மெல் என்ற மலையூரில். மராக்கேஷில் எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற, சுமார் 77 மீட்டர் உயரமுள்ள குதுபியா பள்ளிவாசல் கோபுரமும், அதன் சாயலில் ஸ்பெயினின் செவில் நகரில் எழுந்த கிரால்டா கோபுரமும் அந்த மலைக்காரர்களின் ஆட்சியில் கட்டப்பட்டவை. அடுத்து வந்து ஃபெஸ்ஸைத் தலைநகராக்கிய மரினிதுகள் ஜெனாதா என்ற இன்னொரு பெர்பர் கிளையினர். ஆக, ஏழு நாட்கள் தாங்கள் அண்ணாந்து பார்க்கப்போகும் கட்டடங்களில் பலவற்றைக் கட்டுவித்தவர்களின் ஊர்களுக்குத்தான் திட்டத்தில் 2 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

'பெர்பர்' என்பது பிறர் வைத்த பெயர். அந்நிய மொழி பேசுவோரைக் குறித்த கிரேக்கச் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். நம் பழைய ஏடுகளில் 'மிலேச்சர்' வருகிற இடங்கள் தங்களுக்கு நினைவுக்கு வரலாம். அவர்கள் தங்களை அமாசிக் என்றும், பன்மையில் இமாசிகென் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். 2011 அரசியலமைப்பு அவர்களுடைய மொழியை அரபுக்கு அடுத்த ஆட்சிமொழியாக ஏற்றது. அரசு அலுவலகப் பலகைகளில் வட்டமும் கோடும் சிலுவையுமாகத் தெரியும் எழுத்து திஃபினாக். பழைய எழுத்தைச் சீர்திருத்தி, 2003இல் 33 எழுத்துகளோடு ஏற்றுக்கொண்டார்கள். ஊர்ப் பெயர்களின் முன்னால் வரும் 'ஐத்' என்ற சொல்லுக்கு இன்னாரின் மக்கள் என்று பொருள். நம் பக்கத்து 'வகையறா' என்ற சொல் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஐத் பென் ஹத்து என்றால் பென் ஹத்து வகையறா. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்த மண்கோட்டையூரும் தங்கள் திட்டத்தில் இல்லை. ஆனால் மராக்கேஷிலிருந்து 2260 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிப் போகவேண்டும் என்பதால் அதை நான் வற்புறுத்தமாட்டேன்.

ஃபெஸ்ஸை மட்டும் ஒரு நாளும் குறைக்காதீர்கள். அங்கே பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதோரை விடுவதில்லை; 859இல் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் கரவியீன் பள்ளிவாசலையும் வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க வேண்டும். பூ இனானியா மதரஸாவுக்குள் போகலாம். அதைக் கட்டிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, அதே ஃபெஸ் நகரில், 1355இல் தம் பயணங்களைச் சொல்லி எழுதுவித்து முடித்தவர்தான் இப்னு பதூதா. அவர் பிறந்த ஊர் தாஞ்சியர், குலம் லவாதா என்னும் பெர்பர் குலம். மதுரை சுல்தான்கள் பாடத்தில், சுல்தான் கியாசுதீனின் கொடுமைகளையும் மதுரையைச் சூறையாடிய கொள்ளைநோயையும் அவர் வழியாகவே எங்களுக்குச் சொன்னீர்கள். அந்தச் சுல்தானின் மனைவியும் இவருடைய மனைவிகளுள் ஒருவரும் உடன்பிறந்தவர்கள் என்று தாங்கள் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மதுரையின் அந்த நாட்கள் ஏட்டில் ஏறிய ஊரில் நிற்கிறோம் என்று எங்கள் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க நேரமாகிறது என்றார். (அந்தத் தொட்டிகளில் புறா எச்சத்தைக் கரைத்துத் தோலை ஊறவைக்கிறார்கள். வாசலில் ஒரு கொத்துப் புதினா தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.)

இனி மலை. நான் தங்கியது வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான துப்கால் சிகரத்தின் (4167 மீட்டர்) அடியில், இம்லிலுக்கு அருகே ஒரு சிற்றூரில். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த ஒரு மலை வழிகாட்டி அழைத்துப்போனார். வால்நட் மரங்களுக்கு இடையே படிப்படியாக வயல்; ஒவ்வொரு படிக்கும் கரையோரமாக ஒரு கை அகல வாய்க்கால். வாய்க்காலுக்கு அவர்கள் மொழியில் 'தர்கா' என்று பெயர். முதலில் கேட்டபோது பக்கத்தில் ஏதோ வலியாரின் அடக்கத்தலம் இருக்கிறது என்றே நினைத்துத் தலையைத் திருப்பித் தேடினேன். இந்த வீட்டுக்கு இன்று காலை, அந்த வீட்டுக்கு நாளை மாலை என்று தண்ணீர் முறைவைத்துப் பாய்கிறது. தகராறு வந்தால் ஊர்க்கூட்டம் தீர்த்துவைக்கிறது. தஞ்சாவூர்க்காரரான தங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுப் பெரியவர், நீலக் காகிதம் சுற்றிய கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியைச் சிறு சுத்தியலால் தட்டி உடைத்துத் தேநீர்க் கெண்டியில் போட்டார். முதல் குவளையை ஊற்றி, அதைக் குடிக்காமல் கெண்டிக்குள்ளேயே திருப்பிக் கொட்டினார். பிறகுதான் ஒரு முழ உயரத்திலிருந்து நுரை பொங்க எல்லாருக்கும் ஊற்றினார். ஏன் திருப்பிக் கொட்டினார் என்று கேட்டேன். சர்க்கரை கலக்க வேண்டாமா என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

அந்த வீட்டின் ஒரு சுவர் புதிது. 2023 செப்டம்பர் 8 இரவு வந்த 6.8 அளவு நிலநடுக்கத்தில் பழைய சுவர் விழுந்துவிட்டதாம். அந்த ஓர் இரவில் 2,900 பேருக்கு மேல் இறந்தார்கள்; பெரும்பாலோர் இத்தகைய மலையூர்க்காரர்கள். தின்மெல்லின் 12ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசலும் பெருமளவு இடிந்தது. பெரியவர் பழைய மண்சுவரையும் புதிய சிமெண்டுக் கட்டையும் மாறி மாறித் தட்டிக் காட்டி, இது குளிர்காலத்தில் குளிர்கிறது, கோடையில் கொதிக்கிறது, ஆனால் விழாது என்று பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். வழிகாட்டி சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். முதல் வீட்டில் எனக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

ஆகவே என் யோசனை இது. ரபாத்தில் ஒரு நாளையும் மராக்கேஷில் 'கடைவீதிக்கான ஓய்வு நாளையும்' விட்டுவிட்டு, மலையில் இரண்டு இரவு கேளுங்கள். நகர வழிகாட்டி வேறு, மலை வழிகாட்டி வேறு; உரிமம் பெற்ற, தஷெல்ஹித் பேசும் மலை வழிகாட்டிதான் வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளக் கடை, ஆர்கான் எண்ணெய்க் கடை நிறுத்தங்களை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், தரகு போய்விடும் என்பதால், பொருட்படுத்த வேண்டாம். ஜனவரியில் இம்லிலுக்கு மேலே பனி கிடக்கும். தங்கள் முழங்காலுக்கு அது ஆகாது. கீழே அஸ்னிப் பக்கத்து ஊர்களே போதும்.

பொங்கலுக்கு ஊரில் இருக்கமாட்டோம் என்று அம்மா குறைப்பட்டதாகத் தங்கள் மகள் எழுதியிருந்தார். அவரிடம் சொல்லுங்கள்: ஜனவரி 14 அமாசிக் மக்களின் புத்தாண்டு. பழைய ஜூலியன் நாள்காட்டியின் ஜனவரி 1தான் அது. உழவர்கள் விதைப்புக் கணக்குக்காகக் கைவிடாமல் வைத்திருந்த நாள். 2024 முதல் மொராக்கோவில் அரசு விடுமுறை. நம் தைக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை, சூரியனைத் தவிர. தெற்கு மொராக்கோவில் அன்று 'தகுலா' என்று தானியத்தைக் களியாகக் கிண்டி, நடுவே குழி செய்து ஆர்கான் எண்ணெயும் தேனும் வார்த்து, ஒரே தட்டில் எல்லாரும் சுற்றி அமர்ந்து உண்பார்கள். களிக்குள் ஒரு பேரீச்சங்கொட்டையை ஒளித்து வைத்திருப்பார்கள். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டு. தங்கள் திட்டப்படி 14ஆம் தேதி மராக்கேஷில் கடைவீதி. அதை மாற்றி, 13 இரவும் 14ஆம் தேதியும் மலையில் இருக்கும்படி அமைத்து, திருத்திய திட்டத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கப்போகும் வீட்டில் தகுலா கிண்டுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பல் விஷயத்தில், அந்தக் கொட்டையைப் பற்றி மட்டும் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள மாணவன்