மாடியில் ஒரு அம்மா வீடு

சேலம்,
ஆகஸ்ட் 5, 2025

அன்புள்ள பதினாலாம் நம்பர் ரூம்காரிக்கு,

முந்தாநாள் நீ போன் செய்தபோது அவர் எடுத்து, "அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கறா" என்று சொல்லி வைத்துவிட்டாராம். ஆடிப் பதினெட்டும் அதுவுமாக உனக்கு எப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்கும்! அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. பவானிக்கு வந்து காரியம் முடியும்வரை என் கூடவே இருந்தவள் நீ. "அண்ணனுக்கு ஞாபகம் ஏதும் பிசகுதாடி?" என்று நீ ராத்திரி அனுப்பிய மெசேஜைப் படித்துவிட்டு மனுஷர் அரை மணி நேரம் சிரித்தார்.

பயப்படாதே. நான் மாடியில்தான் இருந்தேன். இந்த வருஷம் மாடிதான் எனக்கு அம்மா வீடு.

இதைப் போனில் சொன்னால் விளங்காது, அதனால்தான் எழுதுகிறேன். 1990 வைகாசியில் எங்கள் கல்யாணத்துக்கு வந்து போனவள், அடுத்த மாதமே வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாய். என் தலை ஆடிக் கூத்து உனக்குத் தெரியாது. ஆடி பிறந்ததும் அப்பா சீர்த்தட்டோடு வந்து என்னைப் பவானிக்குக் கூட்டிப் போனார். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்கிற கணக்குதான். மாமியார் இதில் ரொம்பக் கறார். "முப்பது நாளும் அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது" என்று மகனிடம் சொல்லிவிட்டார். சேலத்திலிருந்து பவானிக்கு ஒன்றரை மணி நேர பஸ். அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட அவருக்குத் தைரியம் இல்லை. வாத்தியார்தானே!

அதனால் கார்டு போட்டார். அப்போது போஸ்ட் கார்டு 15 காசு. கவரில் போட்டு ஒட்டியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். கார்டு என்பதால் தபால்காரர் படித்து, அப்பா படித்து, அண்ணி படித்து, கடைசியில்தான் என் கைக்கு வரும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஜமக்காளத் தறி. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அப்பா வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது: "நலம். நலமறிய ஆவல். இன்று கிணற்றில் நாலு படி தெரிகிறது. மாடு கன்று சௌக்கியம்." அவ்வளவுதான். அடுத்த கார்டில் ஆறு படி. அதற்கடுத்ததில் ஏழு.

"மாப்பிள்ளை வாத்தியார் வேலையை விட்டுட்டு வெள்ளாமைல எறங்கப் போறாரா?" என்று அப்பா குழம்பினார். அண்ணிதான் என்னைத் தனியே கூப்பிட்டு, "அட மக்கு, தண்ணி எறங்குதுன்னா மனசு வாடுதுன்னு அர்த்தம். நாலு பேர் படிக்கறதுல வேற எப்படி எழுதுவாரு?" என்றார். நான் உருகிப் போய்விட்டேன். அந்த ஏழு கார்டையும் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தவள் நான்.

ஆவணியில் திரும்பி வந்து, முதல் வேலையாக அதைக் கேட்டேன். முழித்தார். "கெணத்துக்கு மோட்டார் போடணும்னு அப்பா சொல்லிட்டிருந்தாரு. அதான் தெனமும் எட்டிப் பார்ப்பேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல." நான் ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த ஆடியில் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். (பெரியவன் ஆனியில் பிறந்தான், சித்திரைக்குத் தப்பித்தான்.) மறுபடியும் கிணறு, மறுபடியும் படி. இந்த முறை நானும் விடவில்லை. பவானியில் காவிரிக் கூடுதுறைப் படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று எண்ணிப் பதில் போட்டேன். மூன்றாம் வருஷம் அம்மா வீட்டுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் ஆடிப் பதினெட்டை ஒட்டி மூன்று நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கார்டு வேண்டுமே!

இப்படித்தான்டி 36 ஆடி ஓடிவிட்டது. 2003 வறட்சியில் அந்தக் கிணறு சுத்தமாக வற்றியது. பிறகு தோட்டம் மனையாகி, கிணற்றை மண் கொட்டி மூடி, இப்போது அதன் மேல் யாரோ கார் நிறுத்துகிறார்கள். கிணற்றை மூடிய வருஷம் கார்டு வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. "இன்று கிணற்றில் ஐந்து படி தெரிகிறது." அப்பா அதையும் சத்தமாக வாசித்தார், யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

இந்த வருஷம் மே மாதம் அவருக்கு முட்டி ஆபரேஷன். தனியாக விட முடியாது. பவானி வீட்டையும் அண்ணன் விற்றுவிட்டார். சரி, இத்தோடு போதும் என்றேன். "மாடி காலியாத்தானே கெடக்குது?" என்றார். ஆடி 17 அன்று பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். சமைக்க மட்டும் கீழே வருவேன். அப்போது நான் விருந்தாளி. "வாங்க, எப்ப வந்தீங்க? பஸ்ஸெல்லாம் சௌகரியமா?" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்பார். நீ கூப்பிட்டபோது அந்த வேஷத்தில்தான் இருந்தார்.

நீ கேட்டிருந்தாயே, ஆடி ஒண்ணாம் தேதி தேங்காய் சுட்டோம். உங்கள் காரைக்குடிப் பக்கம் இது கிடையாது, இல்லையா? நாரை உரித்துத் தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து, பாதித் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல் எல்லாம் திணித்து, மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியைச் செருகி வாசலில் தீ மூட்டிச் சுடுவோம். ஓடு கருகி வெடிக்கும்போது வெல்லம் கசிந்து ஒரு வாசனை வரும் பார், தெருவே நின்றுவிடும். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குச்சியைத் திருப்புகிறேன் என்று ஒரு பக்கத்தைக் கரியாக்கிவிட்டார்.

கார்டு இன்றைக்குத்தான் வந்தது. புதிதாக வந்திருக்கும் தபால்காரப் பெண் அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அம்மா, ரெண்டும் ஒரே வீடுங்களே?" "ஆமாம்மா, நான் மாடி" என்றேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொன்னாராம். பதினாறு படி ஏறி என் கைக்கு வர மூன்று நாள்.

மேட்டூர் அணை இந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே 120 அடியைத் தொட்டுவிட்டது, பேப்பரில் பார்த்திருப்பாய். அந்தத் தெம்போ என்னவோ, இப்படி எழுதியிருந்தார்: "நலம். கிணறு நிரம்பியிருக்கிறது. ஒரு படிகூடத் தெரியவில்லை. மாடு கன்று இல்லை, முட்டி பரவாயில்லை."

ஒரு உதவி செய்யேன். எங்கள் தபாலாபீஸில் போஸ்ட் கார்டு ஸ்டாக் இல்லையாம், எப்போது வரும் என்றும் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஊரில் கிடைத்தால் ஒரு 25 கார்டு வாங்கி வை. 50 காசு வீதம் பன்னிரண்டரை ரூபாய்தான். அனுப்பாதே, கார்டு விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும். தீபாவளிக்கு வரும்போது நீயே கொண்டு வா, மாடியில் தங்கலாம்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்காரி