நம் குதிரை வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வழக்கமான வேலைகள் வழக்கம்போல நடந்தன. ரணஜன்னித் தடுப்பூசி முகாம் போட்டோம். லாடம் அடிக்க ஆள் கிடைக்காமல் இந்த ஆண்டும் திண்டாடினோம். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது; இரண்டு மாதம் மட்டும் போதுமான ஆள் சேராமல், வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மற்றபடி இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது, ரோட்டில் குதிரையை எப்படிக் கடப்பது என்று வண்டி ஓட்டுநர்களுக்குச் சொன்ன வேலைதான்.

அது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனிக் கடைசியில் ஒரு காலை நேரம். நம் உறுப்பினர் ஒருவரின் மகன் கத்தியவாரி இனப் பெண்குதிரையில் அத்தாணி ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த மில் வேன் வழி கேட்டு ஏர் ஹாரனை அடித்தது. குதிரை முன்னால் பாயவில்லை. பக்கவாட்டில் துள்ளிப் பின்பக்கத்தை ரோட்டுக்குள் திருப்பியது. வேனின் கண்ணாடி அதன் தொடையில் உரச, பையன் புளியமரத்தடியில் விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டான். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். குதிரைதான் இன்னும் ஹாரன் சத்தம் கேட்டால் நடுங்குகிறது.

ஓட்டுநர் ஓடிப்போகவில்லை. இறங்கி வந்து பையனைத் தாங்கி உட்கார வைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, "ஹாரன் அடிச்சா ஒதுங்கிக்கும்னு நெனச்சனுங்ணா. மாடு ஒதுங்குதில்லீங்களா?" என்றார். திட்டத்தான் போனேன், அதைக் கேட்டதும் வாய் வரவில்லை. மாட்டோடும் ஆட்டோடும் ரோட்டில் பழகியவர் அவர். குதிரையைப் பற்றி அவரிடம் யார் சொன்னார்கள்? நாமும் சொல்லவில்லை.

சரி, சொல்லிவிடுவோம் என்று நோட்டீஸ் அடித்தோம். அது தண்டச்செலவு என்று இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். வழவழப்பான தாளில், குதிரைப் படம் போட்டு, இங்கிலாந்து விதியெல்லாம் எழுதியிருந்தோம். அங்கே 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தியபோது, குதிரையைக் கடக்கும் வண்டி மணிக்கு 10 மைலுக்குள், நம் கணக்கில் 16 கிலோமீட்டருக்குள், குறைந்தது 2 மீட்டர் இடம் விட்டுப் போக வேண்டும் என்று வைத்தார்கள். ஹாரன் அடிக்காதே, இன்ஜினை உறுமவிடாதே, கடந்த பிறகும் மெதுவாகவே போ என்று அங்குள்ள பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் தொடர்ந்து பிரசாரம் செய்கிறது. நம் ஊர்ச் சின்ன தார்ரோட்டில் 2 மீட்டருக்கு எங்கே போவது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். இடம் இல்லாத ரோட்டில் குதிரைக்குப் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டியதுதான். மண்ணில் இறங்க இடம் கிடைத்ததும் குதிரைக்காரர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எப்படியோ, அடுத்த வாரம் பவானியில் ஒரு டீக்கடையில் அந்த நோட்டீஸில் போண்டா வைத்துக் கொடுத்தார்கள். போண்டா நன்றாக இருந்தது.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வெளிமாநிலங்களிலிருந்து வரும் மார்வாரி, கத்தியவாரி, நுக்ரா இனக் குதிரைகள் எல்லாம் எதில் வருகின்றன? லாரியில்தான். குதிரை ஏற்றும் ஓட்டுநருக்கு அதன் குணம் தெரியும். அப்படிப் பழுத்த அனுபவம் உள்ள இரண்டு ஓட்டுநர்களைப் பிடித்து, நம் வண்டிக்குதிரை ஒன்றையும் கூட்டிக்கொண்டு லாரி ஸ்டாண்டுக்கே போனோம். ரிக் லாரி, கோழி லாரி, பனியன் கம்பெனி வேன் என்று ஓட்டுகிற எல்லோரும் அங்கே இருந்தார்கள். எங்கள் ஆள் குதிரையின் வாய்ப்பக்கம் நிற்க, விருப்பப்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தோள்பக்கம் கடிவாளத்தைப் பிடித்து ரோட்டோரம் நிற்கச் சொன்னோம். வேறொன்றும் செய்யவில்லை; ரோட்டில் வண்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு டாரஸ் லாரி கடந்த காற்றில் குதிரையோடு சேர்ந்து மனிதரும் ஒரு அடி நகர்ந்தார். "கேபினுக்குள்ள இருக்கறப்ப இந்தக் காத்து தெரியறதில்லீங்க" என்றார் அவர். நோட்டீஸில் நாங்கள் எழுதாமல் விட்டது அது.

பார்வை விஷயத்தையும் அங்கேயே விளக்கினோம். குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி சுற்றளவும் தெரியும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும்தான் தெரியாது. வால் பக்கமாக நெருங்கும் வண்டி அதற்குச் சத்தம் மட்டுமே. என்ன சத்தம் என்று பார்க்கத்தான் அது திரும்புகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழக நம்மைவிட அதற்கு அதிக நேரம் பிடிக்கும். அதனால் ராத்திரியில் எதிரே குதிரை வந்தால் ஹெட்லைட்டை டிம் பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஹை பீம் அடி வாங்காத ஓட்டுநர் யார்?

வக்கீலாக இருக்கும் நம் உறுப்பினர் ஒரு நல்ல விஷயத்தை எடுத்துக் கொடுத்தார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-வது பிரிவுப்படி, வண்டியைப் பார்த்து விலங்கு மிரண்டு கட்டுக்கு அடங்காமல் போகும் என்று அதைப் பிடித்து வருபவர் கருதி நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். எவையெல்லாம் விலங்கு என்று அதே பிரிவில் பட்டியலும் இருக்கிறது. குதிரை அதில் உண்டு. இத்தனை வருஷம் குதிரை வைத்திருக்கும் எனக்கே இது தெரியாது. ஆனால் சட்டம் பேசி ரோட்டில் சண்டைக்கு நிற்காதீர்கள். உள்ளங்கை தெரியக் கையை உயர்த்துங்கள், வண்டி நின்றதும் ஒரு கும்பிடு போடுங்கள். நான் பழகிப் பார்த்ததில் கும்பிட்டவருக்கு அடுத்த தடவை தூரத்திலேயே வேகம் குறைகிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். சந்தை முடிந்து ராத்திரி பத்து மணிக்குக் கறுப்புக் குதிரையை, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விளக்கில்லாமல் பவானி ரோட்டில் ஓட்டிப் போனது யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். அவர் இங்கேதான் இரண்டாவது வரிசையில் இருக்கிறார். செல்போன் பேசிக்கொண்டே சவாரி போகிறவர்களும் உண்டு. குதிரையை நடத்திப் போகும்போது ரோட்டின் இடது ஓரத்தில் குதிரை, அதற்கும் வண்டிகளுக்கும் நடுவில் நீங்கள். நம்மில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பந்தயத்துக்குக் குதிரையைப் பழக்கி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட பஸ் வரும் நேரத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சந்தைக்கு வரும் வழிகளில் எச்சரிக்கைப் பலகை வைக்கக் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு, இரண்டு முறை நினைவூட்டியும் பதில் வரவில்லை. மூன்றாவதும் எழுதுவோம். லாரி ஸ்டாண்டுக்குப் போன அதே வேலையை அடுத்து மில் வேன் ஓட்டுநர்களிடம் செய்ய வேண்டும் என்பது செயற்குழு முடிவு. அன்றைக்கு ஹாரன் அடித்த ஓட்டுநரிடமே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

குதிரையின் காலில் கட்டும் ஒளிரும் பட்டைகள் வந்து பொருளாளர் வீட்டுத் திண்ணையில் மூட்டையாகக் கிடக்கின்றன. குதிரைக்கு நான்கு வீதம், சந்தா பாக்கி இல்லாதவர்களுக்கு இலவசம். பாக்கி வைத்திருப்பவர்களும் ஆடி பிறக்குமுன் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்