தேயிலைச் சரிவில் என்னைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நான் மலை சைக்கிள் ஓட்டத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் தனியாகவே ஓட்டினேன். அதற்குப் பின் உங்களில் சிலரோடு சேர்ந்து ஓட்டி வருகிறேன். இடையில் ஓர் ஐப்பசிக் காலையில் நடந்ததற்கும், அதைத் தொடர்ந்து நீங்கள் ஒவ்வொருவரும் எனக்குச் செய்ததற்கும் இதுவரை முறையாக நன்றி சொல்லவில்லை. நேரில் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் "அதை விடுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். எழுதினால் குறுக்கிட முடியாது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

அக்காலத்தில் நான் தனியாக ஓட்டியது துணை கிடைக்காததால் மட்டும் அன்று. அதில் எனக்கு உண்மையான விருப்பம் இருந்தது. சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடிக்கும் இடத்தில் நின்று கேட்கலாம். தடுமாறிய வளைவை மேலே தள்ளிக்கொண்டு போய்ப் பத்து முறை இறங்கிப் பழகலாம். யாரும் காத்திருப்பார்களே என்ற கூச்சம் இல்லை. வண்டியைக் கையாளும் திறனில் பெரும்பகுதியை நான் அப்படித்தான் கற்றேன். ஆனால் வீட்டில் "சைக்கிள் ஓட்டிவிட்டு வருகிறேன்" என்று சொன்னேனே தவிர, எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

வடகிழக்குப் பருவமழை எங்கள் கிழக்குச் சரிவுகளில் கனத்துப் பெய்யும். அன்று காலை மழை விட்டிருந்தது. ஒற்றையடிப் பாதை முழுவதும் சில்வர் ஓக் இலைகள் நனைந்து படிந்திருந்தன. இலைகளுக்கு அடியில் வடிகால் இருந்ததை நான் பார்க்கவில்லை. முன்சக்கரம் அதில் இறங்கியதும் தலைகுப்புறப் போனேன். இடது காறை எலும்பு முறிந்தது. கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து சங்கிலி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சரிவின் மடிப்புக்குள் கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. அந்த வழியாகக் கரடி நடமாட்டம் உண்டென்று தெரியும் என்பதால், வலியைவிட ஒவ்வொரு சலசலப்பும்தான் என்னை அதிகம் வாட்டியது. ஒன்றரை மணி நேரம் அப்படிக் கிடந்தேன்.

கொழுந்து பறிக்க வந்த அக்காமார்களே, முதல் நன்றி உங்களுக்கு. நான் எழ முயன்றபோது உங்களில் மூத்தவர் தோளைத் தொடாமல் முதுகைத் தாங்கி, "அசையாதே தம்பி" என்று சொல்லி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மடக்கிய கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். தூக்கிக் கட்டிய விதம் சரியாக இருந்தது என்று பின்னர் மருத்துவரே சொன்னார். இன்னொருவர் அலைவரிசை கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய் 108-ஐ அழைத்தார். மழையில் அறுந்துபோன தோட்டப் பாதையில் ஆம்புலன்ஸ் இறங்க முடியாது என்று தெரிந்ததும், கொழுந்து ஏற்ற வந்த பிக்கப் வண்டியின் ஓட்டுநர் அண்ணன் சாக்குகளை விரித்து என்னைப் படுக்கவைத்து, தார்ச்சாலை வரை ஒரு குலுக்கல்கூடப் படாமல் நிதானமாக ஓட்டி வந்தார். அன்று உங்கள் கூடைகளில் குறைந்த கொழுந்தின் எடையை நீங்கள் யாரும் என்னிடம் பேசியதில்லை. அது குறைந்தது எனக்குத் தெரியும்.

ஆறு வாரம் கை தொங்குபட்டையில் இருந்தது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கோபத்தை வெளிக்காட்டாமல் பார்த்துக்கொண்ட என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்ததாக, புதிய ஹேங்கர் மாட்டிக் கொடுத்த சைக்கிள் பட்டறை அண்ணனுக்கு. "யாரோடு ஓட்டுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லத் தயங்கினேன். அதற்கு முன் ஒரே ஒருமுறை ஒரு பெரிய குழுவோடு போயிருந்தேன். அவர்கள் வேகமாக ஏறிவிட்டார்கள். பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் நான் நின்றேன். கூட்டத்தோடு போய்த் தனியாக நிற்பது, தனியாகவே போவதைவிட மோசமானது. இதை நான் சொன்னபோது நீங்கள் மறுத்துப் பேசாமல், "நாலு பேர் இருக்கிறார்கள், பேசிப் பாருங்கள்" என்று எண்ணை எழுதிக் கொடுத்தீர்கள்.

அந்த நால்வருக்கும் நான் பட்ட கடன்தான் இந்த மடலிலேயே பெரியது. முதல் சந்திப்பில் என் வண்டியின் விலையையோ மாடலையோ நீங்கள் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் ஓய்வில்லாமல் ஏறுவேன், செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடக்கத் தயங்குவேனா, பஞ்சர் ஒட்டத் தெரியுமா என்று கேட்டீர்கள். துணை தேடுபவர்கள் கேட்க வேண்டியவை இவைதாம் என்று இப்போது புரிகிறது. ஏற்றத்தில் மெதுவாக வருபவரின் வேகமே எல்லோருக்கும் வேகம், பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆள் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும், யாரையும் "ஒன்றும் ஆகாது, குதி" என்று சொல்லக் கூடாது என்ற உங்கள் மூன்று வழக்கங்கள் இன்றுவரை ஒருநாளும் தவறியதில்லை. மூன்றாவது எனக்கு மிக முக்கியமானது. முன்னால் போகிறவரின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, தனியாக இருந்தால் தொடவே தொடாத பாறைக்குள் இறங்கிவிடும் ஆபத்து கூட்டாக ஓட்டுவதில் உண்டு. தோள் முழுமையாகத் தேறாத அந்த நாட்களில், நம்மில் மூத்தவர் ஒரு பாறைப் படிக்கட்டின் முன் தாமாகவே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக்கூடிய இடம் அது. எனக்காகத்தான் இறங்கி நடந்தார் என்பதை இரண்டு வாரம் கழித்து, அவர் அதில் சரளமாக இறங்கியதைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

தேநீர் வேளையில் நீங்கள் சொன்ன ஒரு வரலாற்றை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பகுதியில் 1976 அக்டோபர் 21 அன்று சில நண்பர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு சரிவில் முதன்முதலாகப் பந்தயம் நடத்தினார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகவே இறங்கினார்கள். நேரம் தனித்தனியே குறிக்கப்பட்டது. பின்சக்கரத்தின் அச்சுக்குள் இருந்த பிரேக்கின் சூட்டில் அங்குள்ள கிரீஸ் உருகி எரிந்துவிடும் என்பதால், இறங்கியபின் மறுபடியும் கிரீஸ் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தச் சரிவுக்கு ‘ரீபேக்’ (மறுபடி நிரப்புதல்) என்ற பெயர் அதனால் வந்தது. இறங்குவது தனியாக, ஏறுவதும் பழுது பார்ப்பதும் சேர்ந்து என்பதாக இந்த ஆட்டம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

வனத்துறைக் காவலர்களுக்கும், தங்கள் பாதைகளில் ஓட்ட அனுமதித்த தோட்டத்தாருக்கும் நன்றி. காட்டெருமைக் கூட்டம் நிற்கும் பகுதியை முன்கூட்டியே சொல்லி எங்களைப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் போவதுதான் அதிலுள்ள ஆபத்து. வளைவைத் தாண்டியதும் காட்டெருமையின் எதிரில் போய் நின்றுவிடுவோம். நாலு பேர் பேசிக்கொண்டே போகும்போது அது நம்மை முன்பே அறிந்து விலகிவிடுகிறது. தனியாகப் போகும் நாட்களில் நான் வளைவுக்கு வளைவு மணியடிக்கக் கற்றதும் உங்கள் அறிவுரையால்தான்.

ஆம், வியாழக்கிழமைகளில் இப்போதும் தனியாகத்தான் போகிறேன். அதை விட மனமில்லை. அதற்கு வழிசெய்து கொடுத்த தேநீர்க் கடை அம்மாவுக்கு நன்றி. போகும் பாதை, திரும்பும் நேரம், நண்பர் ஒருவரின் எண் ஆகியவற்றை எழுதி நான் தரும் துண்டுச்சீட்டைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொள்கிறீர்கள். ஒருமுறை பஞ்சரால் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தபோது, நண்பர் ஏற்கெனவே பைக்கில் என்னைத் தேடிக் கிளம்பியிருந்தார். நீங்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் டம்ளரைக் கழுவத் தொடங்கினீர்கள்.

கடைசியாக, துண்டைக் கட்டிவிட்ட அக்காவுக்கு ஒரு விண்ணப்பம். அதைத் துவைத்துக் கொண்டுவந்தபோது நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள். உங்கள் மகன் எங்களோடு ஓட்ட வரலாமா என்று இரண்டு முறை என்னிடம் கேட்டுவிட்டான். பட்டறை அண்ணன் அவன் உயரத்துக்கு ஒரு பழைய வண்டியைத் தேற்றி வைத்திருக்கிறார்; ஹெல்மெட் நான் வாங்கியிருக்கிறேன். உங்கள் சம்மதம் கிடைத்தால், வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு தோட்டக் குடியிருப்பான உங்கள் லயன் வீட்டு வாசலுக்கே வந்து அழைத்துப் போகிறோம். அவன் வேகமே அன்று எங்கள் வேகம். பத்து மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவோம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தம்பி,
கோத்தகிரி