ஷாமியானாவை விட்டு மலைக்கு அனுப்புங்கள்: நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர்களுக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநில நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் அவர்களுக்கும், பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர்களுக்கும், வனத்துறை உயர் அலுவலர்களுக்கும் வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலகு ஒன்றின் திட்ட அலுவலராகவும் இருக்கிறேன். ஏழு நாள் சிறப்பு முகாம் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

முகாம் எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஊராட்சிப் பள்ளியில் ஷாமியானா போடுவோம். தொடக்க விழா, பொன்னாடை, சிறப்புரை. காலையில் கோயில் வளாகத்தைப் பெருக்குவார்கள், மதியம் கருத்தரங்கம், மாலையில் கலைநிகழ்ச்சி. ஏழாம் நாள் சான்றிதழ். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். ஒரு டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, 100 மரக்கன்றுகள் நட்டோம். யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது கூண்டுகள் மட்டும் நின்றன.

கன்றுகள் காய்ந்ததைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஏழு நாளில் என் மாணவர்கள் ஒரு முடிவுகூடத் தாங்களாக எடுக்கவில்லை. எத்தனை மணிக்கு எழுவது, என்ன சமைப்பது, எங்கே குழி தோண்டுவது எல்லாமே நான் சொன்னது. அப்படி இருந்தும் அறிக்கையில் "மாணவர்களிடம் தலைமைப் பண்பு வளர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால்தான் ஒரு ஜனவரியில் முகாமை மாற்றிப் பார்த்தோம். வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உள்ளூர்ப் பளியர் பழங்குடி இளைஞர்கள் இருவரை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு, 14 மாணவர்கள் கீழ்ப்பழனி மலையில் மூன்று நாள் நடந்தார்கள். அடுத்த நான்கு நாள் ஒரு மலைக்கிராமத்தில் தங்கி வேலை செய்தார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம், தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரவர் முதுகில். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யார் பையிலும் இருக்கக்கூடாது என்று கல்லூரியிலேயே தராசு வைத்து நிறுத்துப் பார்த்தோம். கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும், சுமை தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே ஒரு முழு மாலை ஆனது.

ஒவ்வொரு நாளும் ஒருவர் நாள் தலைவர். கிளம்பும் நேரம், நடக்கும் வேகம், தங்கும் இடம் எல்லாம் அவர் பொறுப்பு. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர ஆசிரியர் வாய் திறக்கக்கூடாது. இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. 1965இல் அமெரிக்காவின் வயோமிங் மலைகளில் மலையேற்ற வீரர் பால் பெட்சோல்ட் தொடங்கிய பள்ளியில் இன்றும் இப்படித்தான் பழக்குகிறார்கள். அதற்கும் முன்பே, 1941இல் வேல்ஸில் கல்வியாளர் குர்ட் ஹான் தொடங்கிய பள்ளியில், கடலிலும் மலையிலும் பழகிய பிள்ளைகள் பிறரைக் காப்பாற்றும் வேலையிலும் இறங்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தார்கள். நடையும் தொண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் அனுபவத்திலும் சரியாகவே இருக்கிறது.

இரண்டாம் நாள் தலைவராக இருந்தது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அம்மா நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் மேம்" என்பதற்கு மேல் அவள் குரலை நான் கேட்டதில்லை. எங்கே இருந்தாலும் மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று காலையில் அவளே நேரம் குறித்தாள். ஒன்றே கால் மணி இருக்கும், சோலைக்காட்டுக்குள் மஞ்சு இறங்கியது. பத்தடிக்கு முன்னால் போகிறவன் தெரியவில்லை. உச்சிக்கு அரைமணி நேர நடைதான் பாக்கி. "போய்ட்டு வந்துரலாம், இவ்ளோ தூரம் வந்துட்டு" என்று பையன்கள் குரல் எழுப்பினார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

பிறகு வழிகாட்டியிடம் போனாள். "அண்ணே, இந்த மஞ்சு எப்ப விலகும்?" "சொல்ல முடியாது பாப்பா. விலகலாம், ராத்திரி வரைக்கும் நிக்கலாம்." அடுத்து, கடைசியில் வந்துகொண்டிருந்த பையனிடம் ஷூவைக் கழற்றச் சொன்னாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்தே அவன் சாய்ந்து நடப்பதை அவள் கவனித்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அவன் பையிலிருந்த அரிசியை எடுத்துத் தன் பையில் திணித்தாள். பாத்திரங்களை இன்னொருவனிடம் கொடுத்தாள். காலைக் கழுவிக் கட்டுப்போட்டு, "நீ முன்னாடி நட. உன் வேகம்தான் எல்லாருக்கும்" என்றாள். குழு கீழே திரும்பியது. உச்சியைப் பார்க்காத கோபத்தில் ஒரு பையன் இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. அதையும் அவள் தாங்கிக்கொண்டாள்.

கிராமத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழைய பழக்கத்தில் அங்கும் நாங்கள் மரக்கன்று கொண்டுபோயிருந்தோம். ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "மரம் எதுக்குக் கண்ணு, சுத்தியும் காடுதான கெடக்கு. தண்ணி வாரதப் பாருங்க" என்றார். மேலே ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் வருகிறது. அது தரைமேலே கிடப்பதால் காட்டுமாடு மிதித்து இணைப்பு விட்டுப்போகும். பெண்கள் குடத்தோடு ஊற்றுக்கு ஏறுவார்கள். என்ன செய்யலாம் என்று அன்றிரவு மாணவர்களே ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பட்டா நிலத்துக்குள் வரும் பகுதியில் குழாயை மண்ணுக்குள் புதைப்பது என்று முடிவானது. நான்கு நாள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக, ஊராரும் சேர்ந்து, கல்லுக்கும் வேருக்கும் நடுவே 300 மீட்டர் பள்ளம் எடுத்தார்கள். குழாய் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி, இளகியதும் இணைப்பில் ஏற்றி, சைக்கிள் டியூபை வார் வாராகக் கிழித்து இறுக்கிக் கட்டும் வித்தையை ஒரு தாத்தா சொல்லிக்கொடுத்தார். பேசாமல் இருந்த பையன் அதில் கைதேர்ந்துவிட்டான்.

மலை என்று சொன்னதும் உங்களுக்குக் குரங்கணி நினைவுக்கு வரும். எனக்கும்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம் வயதினர். மார்ச் மாதம் சரிவுப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். பற்றினால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. அந்த ஆண்டே அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. அவை மலையை மூடிவிடவில்லை, அனுமதியையும் வழிகாட்டியையும் கட்டாயமாக்கின. ஆனால் கல்லூரிகளில் அன்றிலிருந்து "மலை" என்ற சொல் இருந்தாலே கோப்பு நகர்வதில்லை. பிப்ரவரி தொடங்கி மழை வரும்வரை யாரையும் ஏற்றக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் நான் கேட்கும் காலம்.

வனத்துறைக்கு என் வேண்டுகோள் இது. 2024 அக்டோபரில் நீங்கள் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் தொடக்கத்திலேயே 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருந்தன. உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து ஊதியம் கொடுக்கிறீர்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கட்டணத்தை நூறுநாள் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளையால் கட்ட முடியாது. என்.எஸ்.எஸ். அலகுகளுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், வழிகாட்டியின் ஊதியத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பாதைகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிபவை. மாவட்டத்துக்கு ஒன்றிலாவது, உங்கள் பணியாளர் துணையோடு, இரவு தங்க வழிசெய்யுங்கள். பதிலுக்கு எங்கள் பிள்ளைகள் காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவார்கள், பாதையைச் செப்பனிடுவார்கள், பிளாஸ்டிக்கை மூட்டை கட்டிக் கீழே சுமந்து வருவார்கள்.

என்.எஸ்.எஸ். பொறுப்பாளர்களே, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இந்தத் திட்டம் பிறந்தது, காந்தியின் நூற்றாண்டில். இரண்டு ஆண்டில் 240 மணி நேரத்தை ஒவ்வொரு தொண்டரும் நமக்குத் தருகிறார். மலை வசதி உள்ள மாவட்டங்களில் ஒரு பகுதி மாணவர்களாவது சிறப்பு முகாமை நடையும் கிராமப் பணியுமாகச் செய்ய எழுத்தில் அனுமதி தாருங்கள். ஓர் அலகுக்கு ஒரு கிராமம், குறைந்தது மூன்று ஆண்டு. ஊர் மாறிக்கொண்டே இருந்தால் நாம் செய்தது நின்றதா விழுந்ததா என்று தெரியாது, என் மரக்கன்றுகளைப் போல. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் முதுகுப்பை, தார்ப்பாய், மழைச்சட்டை கொண்ட ஒரு பொதுக் கிடங்கு வையுங்கள். நாங்கள் பாதிப் பைகளை இரவல் வாங்கித்தான் போனோம். உடன் செல்லும் ஆசிரியர்களுக்கு முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள்.

மாணவிகளை விட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பெண் ஆசிரியர் உடன் வருவதும், கழிப்பிடம், மாதவிடாய்க்கு வேண்டியவை எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசுவதும் ஏற்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும். அந்த மாணவியின் அம்மா இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு கல்லூரிக்கு வந்து, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எல்லாக் கேள்வியும் நியாயமான கேள்வி. அவர் கேட்டதை வைத்தே எங்கள் பாதுகாப்புப் பட்டியலைத் திருத்தி எழுதினோம்.

போன வாரம் அந்த ஊரிலிருந்து போன் வந்தது. பாறைக்குப் பக்கத்தில் ஓர் இணைப்பு கசிகிறதாம், அங்கே மட்டும் தடித்த குழாய் போட வேண்டுமாம். வருகிற ஜனவரிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தை வனச்சரக அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் கொடுத்துவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு திட்ட அலுவலர்