முடக்குவாதமா? பாதத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதப் புண் என்றதும் சர்க்கரை நோய்தான் நினைவுக்கு வருகிறது. ரூமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனப்படும் மூட்டு அழற்சி நோயான முடக்குவாதத்திலும் அது வரும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர நோயாளிகளிடம் செவிலியர் ஆய்வாளர் ஜில் ஃபர்த் குழுவினர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு எப்போதாவது பாதத்தில் புண் வந்திருந்தது.

புண் வரும் இடங்கள்: மடங்கிய விரலின் மேல் கணு, பெருவிரலோரப் புடைப்பு, உள்ளங்காலின் முன்பகுதி. விரல் மடங்கி மேலெழும்பும்போது அடியிலுள்ள கொழுப்புத் திண்டு முன்னே நகர்ந்துவிட, எலும்பு நேராகத் தோலை முட்டும். நெடுநாள் ஸ்டீராய்டால் தோலும் மெலிந்திருக்கும். பலருக்கு வலி தெரியும். ஆனால் 'வாத வலிதானே' என்று விட்டுவிடுகிறார்கள்.

அதைவிடக் கவலை தருவது, ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் காய்ச்சலையும் சிவப்பையும் மறைத்துவிடுவது. அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி கூடியது வாதத்தாலா சீழாலா என்று ரத்தப் பரிசோதனை மட்டும் பிரித்துச் சொல்லாது. ஆகவே புண்ணைக் கண்ட அன்றே காட்டுங்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் பயாலஜிக் (உயிரியல் மருந்து) ஊசி போடுபவர்கள் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. நகத்தோரம் கரும்புள்ளிகளோ, துளைத்தாற்போன்ற புண்ணோ தெரிந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; அதற்குத் தாமதம் ஆகாது.

கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் மெலிந்த தோலை அரித்துவிடும். டிரஸ்ஸிங்கைத் தடிமனாகக் கட்டி அதே ஷூவில் காலை நுழைத்தால் அழுத்தம் கூடிப் புண் ஆழமாகும். ஷூ வாங்குமுன், பாதம் வீங்கியிருக்கும் மாலையில், நின்றபடி தாளில் பாதத்தை வரைந்து வெட்டி உள்ளே போட்டுப் பாருங்கள். தாளின் ஓரம் மடங்கினால் அது சிறியது. விரல்கள் மேலே இடிக்காத உயரமும் வேண்டும். கைவிரல் கோணியவர்களுக்கு நாடாவைவிட வெல்க்ரோ பட்டை எளிது. பெருவிரல் வளையம் வைத்த செருப்பு புடைப்பில் உரசும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாதத்தின் தீவிரத்தைக் கணக்கிட எடுக்கும் 28 மூட்டுகளில் பாதமும் கணுக்காலும் இல்லவே இல்லை. செருப்பைக் கழற்றாமலே பரிசோதனை முடிந்துவிடுவது இதனால்தான். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே செவிலியர் விரலிடுக்கு, பாத நாடி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் இழையால் தொடு உணர்ச்சி ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவைக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பிரிவு உள்ள மருத்துவமனைகள் முடக்குவாத நோயாளிகளையும் அங்கேயே அனுப்பி வைக்க வேண்டும்.

– செவிலியர்கள் சிலர், மதுரை